நாலு ஸ்க்ரூவுக்கு அடியில்

(கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கிட்டார் நம்பரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில், "அதைக் கேட்க யாரு வருவாங்க?" என்றார்கள். இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். இதில் முக்கால்வாசிப் பேர் கிட்டாரைத் தொட்டதில்லை என்பது இடது கை விரல் நுனிகளைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை. கிட்டாரை விட்டுவிட்டு நம் ஸ்டேஷனில் ஆரம்பிக்கிறேன்.

தாம்பரத்தில் நெடுந்தூர வண்டி வந்து நின்றதும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். எஸ் 4, பி 2 என்பதைச் சொல்லவில்லை. அதற்குத் தள்ளி, ஐந்தாறு இலக்கத்தில் ஒன்று இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. 09 என்றால் 2009. 17 என்றால் 2017. மீதி இலக்கங்கள் அது என்ன வகைப் பெட்டி, எத்தனையாவது என்பதைச் சொல்லும். ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்த எண்ணைப் படிக்காமல் ஏற மாட்டேன். "பொண்ணு ஜாதகம் பாக்கிற மாதிரி பாக்கிறீங்களே, ஏறுங்க" என்பார் என் மனைவி.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இதே மாதிரி ஒரு ஜாதகம் உண்டு. ஆனால் ரயில் பெட்டி விஷயத்தில் ஒரு நிம்மதி: யாரும் போலிப் பெட்டி செய்து விழுப்புரம் வரை ஓட்டப் போவதில்லை. கிட்டாரில் அந்த நிம்மதி கிடையாது.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 1931 மே மாதம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே 1931-ல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து மின்சாரமாக மாற்றும் ஒரு கிட்டாரை மரத்தில் செய்து பார்த்தார். வட்டமாக, நீளக் கைப்பிடியோடு இருந்ததால் அதற்கு வாணலி என்றே பெயர் வந்துவிட்டது. நம் ஊர் எலெக்ட்ரிக் ட்ரெயினும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே வயசு. இரண்டுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை உங்களுக்குத் தெரியும். பழைய ட்ரங்க் ரோட்டில் செடி, கோழிக்குஞ்சு, பழைய மிக்ஸி, மானிட்டர், கதவு நிலை, யாரோ ஜெயித்து வாங்கிய கேடயம் எல்லாம் கிடக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சேலையூரில் இருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். தோளில் கறுப்புப் பை. முகத்தில் லாட்டரி அடித்த களை.

"சார், கிப்ஸன் லெஸ் பால். சந்தையில பதினோராயிரத்துக்கு வாங்கிட்டேன்."

லெஸ் பால் என்பது கிப்ஸன் கம்பெனி 1952-ல் கொண்டுவந்த மாடல். புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தொடர்ந்தான்: "நம்பர் செக் பண்ணிட்டேன் சார். 91271345. 1991 மே 7, நாஷ்வில் ஃபேக்டரி."

கணக்கு சரிதான். கிப்ஸன் 1977-லிருந்து தலைப்பகுதியின் பின்பக்கம் எட்டு இலக்கம் குத்த ஆரம்பித்தது. முதல் இலக்கத்தையும் ஐந்தாவது இலக்கத்தையும் சேர்த்தால் ஆண்டு: 9, 1. நடுவில் இருக்கும் மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது: 127. விரல் விட்டு எண்ணினால் மே 7. கடைசி மூன்று வரிசை எண். நாள் இருக்க வேண்டிய இடத்தில் 400, 500 என்று வந்தால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்; வருஷத்துக்கு 366-க்கு மேல் நாள் கிடையாது. இந்தத் தம்பியின் நம்பர் அந்தச் சோதனையில் பாஸ்.

கிட்டாரை மடியில் படுக்க வைத்தேன். தலைப்பகுதியில் மணி வடிவத்தில் ஒரு சின்னக் கறுப்பு மூடி இருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்க வழி அது. அசல் கிப்ஸனில் அந்த மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. இதில் மூன்று. கழற்றினேன். உள்ளே பித்தளை நட் இருக்க வேண்டும், அதற்கு ஸாக்கெட் போட்டுத் திருப்ப வேண்டும். இங்கே ஆலன் கீ நுழைகிற ஓட்டை. பின்பக்கத் தகட்டைத் திறந்தேன். வால்யூம் கன்ட்ரோல்கள் பழைய ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு இருக்க வேண்டிய இடத்தில், ட்ரான்சிஸ்டர் ரேடியோவில் வருகிற பொடி சைஸ் நாலு உட்கார்ந்திருந்தன. சால்டரிங் எல்லாம் ஒரே அவசரம்.

தம்பிக்கு நான் வாய் திறக்கும் முன்பே புரிந்துவிட்டது. "ஆனா நம்பர் கரெக்டா வந்துச்சே சார்?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைய பேச்சு. நம்பர் கரெக்ட், கிட்டார் பொய். அந்த எண்ணுக்குச் சொந்தமான கிட்டார் எங்கேயாவது ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கலாம். அதன் எண்ணைப் பார்த்து எழுதி, போலி செய்பவர்கள் நூறு கிட்டாரில் அதையே குத்துகிறார்கள். ஒரே ஆதார் ஜெராக்ஸில் பத்து சிம் வாங்கிய கதை. சீனாவிலிருந்து வருகிற இந்த வகையறாவுக்குக் கிட்டார் வாசிக்கிறவர்கள் மத்தியில் 'சிப்ஸன்' என்று பெயரே உண்டு.

இப்போது அந்த எண் எதற்காக வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். நாம் என்ன நினைக்கிறோம்? குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் தருவது போல, கம்பெனி ஒவ்வொரு கிட்டாருக்கும் பயபக்தியோடு ஒரு எண் கொடுத்திருக்கும் என்று. அப்படி இல்லை. அது சலவைக்காரர் துணி மூலையில் மையால் போடுகிற குறி மாதிரி. அவர் வசதிக்கு அவர் போட்டது. ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் அந்தக் குறியை வைத்து வேட்டியின் வயசைக் கண்டுபிடிப்பான் என்று அவர் நினைத்திருப்பாரா?

ஃபெண்டர் கம்பெனியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1946-ல் தொடங்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற அவருடைய மாடல் 1954-ல் வந்தது. இதில் கழுத்தைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து நாலு ஸ்க்ரூவால் முடுக்கிவிடுவார்கள். அந்தத் தகட்டில்தான் எண். தகடுகள் முன்கூட்டியே எண் அடித்து டப்பாவில் கிடக்கும். வேலை செய்கிறவர் கைக்கு எது வந்ததோ அதை எடுத்துப் பூட்டினார். மேலே கிடந்தது முதலில் போயிருக்கும், அடியில் கிடந்தது அடுத்த வருஷம் போயிருக்கும். 

இந்த லட்சணத்தில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரிடம் 0001 என்று தகட்டில் எண் அடித்த ஒரு வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருந்தது. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 18 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குப் போனது. அது முதன்முதலில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இல்லை என்பது வாங்கியவருக்கும் தெரியும். நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபேன்சி நம்பருக்குப் பணம் கட்டுகிறார்களே, அந்த மனசுதான். கில்மோர் வாசித்தது என்பதும் சேர்ந்துகொண்டது.

கிப்ஸன் இதைவிடக் கூத்து. 1960-களில் அவர்கள் ஏற்கெனவே போட்ட எண்ணையே வேறு வேறு வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். இரண்டு அசல் கிப்ஸன், ஒரே எண். ஆகவே எண் சரியாக இருந்தால் அசல் என்றும் சொல்ல முடியாது, எண் உதைத்தால் போலி என்றும் சொல்ல முடியாது. ஃபெண்டர் 1976 வாக்கில் எண்ணைத் தகட்டிலிருந்து தலைப்பகுதிக்கு மாற்றியது. எழுபதுகளுக்கு எஸ், எண்பதுகளுக்கு இ, தொண்ணூறுகளுக்கு என், 2000-களுக்கு இசட். ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று பார்த்தால், அதிலும் மிச்சமிருந்த டெக்கால் ஸ்டிக்கரை வீணாக்காமல் ஒட்டியதில் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே போகும்.

முன்வரிசையில் இருக்கும் அம்மா கேட்கலாம்: நகைக் கடையில் மட்டும் எண்ணை நம்புகிறோமே? 2023 ஏப்ரல் 1-லிருந்து ஹால்மார்க் நகை என்றால் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி இருந்தாக வேண்டும். போனில் தட்டினால் எந்தக் கடை, எத்தனை கேரட் என்று வந்துவிடும். அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறோம், அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுகிறோம். கிட்டாருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. பழைய கிட்டாரை இன்றைக்கு யார் வைத்திருக்கிறார், அவருக்கு யார் விற்றார் என்பதை எழுதி வைக்கும் ஆபீஸ் எங்கேயும் இல்லை.

ஆசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போலி முளைக்கும். 1958-லிருந்து 1960 வரை கிப்ஸன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் மொத்தமே சுமார் 1,500. இன்று ஒவ்வொன்றும் கோடிகளில். பழைய கிட்டார் வியாபாரிகள் மத்தியில் ஒரு ஜோக் உண்டு: செய்தது 1,500, அதில் இன்று உயிரோடு இருப்பது 2,000.

இதில் இன்னொரு வேடிக்கை. 1995-ல் ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிட்டாரைச் சுரண்டி, பெயின்ட்டை உரித்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, 'ரெலிக்' என்று பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்தது. கிழிந்த ஜீன்ஸ் வாங்கும் பிள்ளைகளைத் திட்டுகிறீர்களே, அதே கதைதான் இதுவும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிட்டாரின் காயம் வாசித்தவன் சட்டை பட்டனால் வர வேண்டும். சம்பளத்துக்கு ஒருவர் சாவிக் கொத்தால் தட்டி வர வைப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். என் தலைமுறைக்கு முதல் கிட்டார் கொல்கத்தாவில் செய்ததுதான். ஹாப்னர், கிவ்ஸன், கிரேசன். ஹாஃப்னர் ஜெர்மனி, ஹாப்னர் கொல்கத்தா. கிப்ஸன் அமெரிக்கா, கிவ்ஸன் கொல்கத்தா. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் யாரும் ஏமாறவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினோம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டு விரல் போகும். அழுத்தி அழுத்தி விரல் பழுத்துவிடும். அதில் கற்றவனுக்கு எந்தக் கிட்டாரும் வெண்ணெய்தான்.

வெளிநாட்டுக் கிட்டார் வேண்டும் என்றால் மவுன்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் வாசலில் நின்று பார்க்கலாம். 1842-ல் தொடங்கிய கடை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கக் காசு கேட்கவில்லை. இல்லாவிட்டால் நம் லைனின் மறுமுனை, பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். கப்பல்காரர் கொண்டுவந்தது என்று சொல்லி ஒன்று வரும். எனக்கும் ஒருவர் அப்படி ஒன்று விற்றார். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம், அவர் இப்போது இல்லை. 'ஜப்பான் ஃபெண்டர், 1983' என்றார். ஜப்பானில் ஃபெண்டர் 1982-ல்தான் செய்ய ஆரம்பித்தது. முதல் இரண்டு வருஷக் கிட்டார்களில் எண் ஜே.வி. என்ற எழுத்தில் தொடங்கும், அதற்குத் தனி மதிப்பு. தகட்டில் ஜே.வி. இருந்தது. இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்துக் கழுத்தைக் கழற்றினால், தகடு மட்டும் ஜப்பான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறும் நேரம்கூட ஆகாது. அன்றைக்குத்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

இந்தியாவிலேயே ஃபெண்டர் கம்பெனிக்காகச் செய்ததும் உண்டு. 1980-களின் கடைசியில் 'ஸ்க்வயர் 2' என்ற மலிவு வரிசையில் சில கிட்டார்கள் கொரியாவிலும் சில இந்தியாவிலும் செய்யப்பட்டன. 'ஸன் மஸ்டாங்' என்ற பெயரிலும் இந்தியாவில் செய்தது வந்தது. அதைப் பார்த்தால் நம் ஆட்கள், "இந்தியாவா? அப்ப டூப்ளிகேட்" என்பார்கள். அது அசல். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று குத்திய சிப்ஸனைக் கும்பிட்டு வாங்குவார்கள். அது போலி.

அந்த யு.எஸ்.ஏ. முத்திரைக்குள்ளேயே நம் ஊர் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொரு கதை. கிட்டார் கழுத்தில் விரல் படும் பலகை பல மாடல்களில் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை மரம். 2011-ல் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் ஆலையில் புகுந்து அள்ளிக்கொண்டு போனது இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைத்தான். பாதி வேலை முடிந்த பலகையை இந்தியச் சட்டப்படி ஏற்றுமதி செய்யலாமா என்று நாஷ்வில்லில் சண்டை. 2012 ஆகஸ்டில் கிப்ஸன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது. அது முக்கியமாக அதற்கு முந்தைய மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துக்காக. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி வகை மரங்கள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிட்டாரோடு விமானம் ஏறவே பலர் பயந்தார்கள். 2019 கடைசியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

சரி, எண்ணை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? நான் வயிற்றைத் திறந்து பார்ப்பேன்.

வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பொடி எழுத்தில் ஓர் எண் குத்தியிருக்கும். 137 6623 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். என்ற கம்பெனி, 66 என்பது 1966, 23 என்பது அந்த வருஷத்தின் இருபத்து மூன்றாவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. இதைக் கிட்டார் கம்பெனி போடவில்லை, சாமான் சப்ளை செய்தவன் போட்டான். அதனால் அதற்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை. 1962 கிட்டார் என்று ஒருவர் கொண்டுவந்து, உள்ளே 6623 இருந்தால், ஒன்று பழுது பார்த்து மாற்றியிருக்க வேண்டும் அல்லது கதை விடுகிறார். சால்டரிங்கைப் பார்த்தால் எது என்று தெரியும். தொடாத சால்டரிங் மங்கிப்போய், தூசி படிந்து, ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். புதிதாக வைத்தது பளபளக்கும், ஃப்ளக்ஸ் வாசனை வரும். இதிலும் ஒரு பொறி உண்டு: ஃபெண்டர் 1966-ல் இந்தக் கன்ட்ரோல்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டு 1969 வரை தீர்த்துக்கொண்டிருந்தது. எனவே கன்ட்ரோல் தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது, பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். பால் பாக்கெட் தேதியை வைத்துக் காபி எப்போது போட்டது என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரி.

கழுத்தைக் கழற்றினால் அடிப்பாகத்தில், ஐம்பதுகள் அறுபதுகள் ஃபெண்டரில், பென்சிலிலோ ரப்பர் ஸ்டாம்பிலோ தேதி இருக்கும். ஸ்க்ரூ ஓட்டைகள் ஒருமுறை போட்டதா, இரண்டாவது முறை போட்டு அடைத்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு நம் ஊர்க் காற்று. தாம்பரத்துக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. திருவான்மியூர், கொட்டிவாக்கம் என்றால் வாசலிலேயே. அங்கே நாற்பது வருஷம் இருந்த கிட்டாரின் பிரிட்ஜ் ஸ்க்ரூ துருப்பிடிக்காமல் பளபளக்கிறது என்றால் நான் ஸ்க்ரூவை விட்டுவிட்டு ஓனர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மரம்தான் கடைசிச் சாட்சி. கனடாவில் ராண்டி பாக்மன் என்று ஒரு கலைஞர், 'தி கெஸ் ஹூ' குழுவில் இருந்தவர். பதின்ம வயசில் சின்னச் சின்ன வேலை செய்து காசு சேர்த்து ஒரு க்ரெட்ஷ் கிட்டார் வாங்கினார், 1957-ல் செய்தது, ஆரஞ்சு நிறம். எழுபதுகளில் டொரான்டோவில் ஹோட்டலிலிருந்து திருடு போனது. அவர் ஊர் ஊராகத் தேடினார், கிடைக்கவில்லை. 2020-ல், கோவிட் அடைப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர், பாக்மனின் பழைய வீடியோவிலிருந்து அந்தக் கிட்டாரின் மர ரேகையை எடுத்துக்கொண்டார். முகம் கண்டுபிடிக்கும் மென்பொருளைக் கிட்டாருக்குத் திருப்பிவிட்டு, உலகம் முழுக்க விற்பனைப் படங்களோடு ஒப்பிட்டார். மரத்தில் ஒரு சின்ன முடிச்சு, மச்சம் மாதிரி. அதே மச்சம் ஜப்பானில் ஒரு இசைக்கலைஞர் கையில் இருந்த கிட்டாரில். அவர் நல்ல மனிதர். திருட்டு என்று தெரியாமல் கடையில் வாங்கியவர். அதே மாதிரி 1957 க்ரெட்ஷ் ஒன்றைப் பாக்மன் தேடி வாங்கி அவருக்குக் கொடுத்தார். 2022 ஜூலை 1-ஆம் தேதி டோக்கியோவில் கைமாறியது. நாற்பது வருஷத்துக்கு மேல். கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த மச்சம்.

இதைப் படித்தபோது எனக்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் ஞாபகம் வந்தார். கோயிலிலிருந்து திருடிப்போய், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய சோழர் காலச் சிலை. காகிதமெல்லாம் கச்சிதமாக இருந்தது, அத்தனையும் போலி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அலமாரியில், கோயிலில் இருந்தபோது எடுத்த அதே சிலையின் பழைய புகைப்படம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நடராஜருக்கு யார் சீரியல் நம்பர் போட்டது? ஆகவே உங்கள் பிள்ளையிடமோ பேரனிடமோ கிட்டார் இருந்தால், எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மரத்தை நன்றாக ஒரு படம் எடுத்து வையுங்கள். வீணைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. பொய் வணிகச் சின்னம் போட்டால் 1999-ஆம் வருஷ வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். சந்தையில் தார்ப்பாய் விரித்தவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சேலையூர் தம்பி என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அழுதான். பிறகு, "தூக்கிப் போட்டுடவா சார்?" என்றான். எதற்கு? திருவாரூர் ஆழித்தேருக்கு பெல் கம்பெனியில் இரும்புச் சக்கரம் செய்து மாட்டினார்கள். அதனால் அது போலித் தேர் ஆகிவிட்டதா? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கச்சேரியில் யாராவது எழுந்து நின்று, உங்கள் எலெக்ட்ரிக் மாண்டலினின் சீரியல் நம்பர் என்ன என்று கேட்டிருப்பார்களா? அவர் எட்டுக் கம்பியை எடுத்துவிட்டு ஐந்து கம்பி போட்டுக்கொண்டார். கருவி அவருக்காக மாறியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல கன்ட்ரோல், கெப்பாசிட்டர், வயர் வாங்கி வரச் சொன்னேன். கழுத்தின் குறுக்கே இருக்கும் ஃப்ரெட் கம்பிகளை ராவிச் சமமாக்கிக் கொடுத்தேன். ஒரே நிபந்தனை போட்டேன்: தலையில் இருக்கும் பெயரையும் பின்னால் இருக்கும் எண்ணையும் உப்புத்தாள் போட்டு எடுத்துவிட வேண்டும். நாளைக்கு அவன் விற்கும்போது இன்னொரு தம்பி அழக் கூடாது. பேர் இல்லாத அந்தக் கிட்டாரில் அவன் காலேஜ் விழாவில் வாசித்தான். நன்றாகவே இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, நேரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பரங்கிமலையிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியன் அம்மா வந்தார். எண்பதை ஒட்டிய வயது. கணவர் ரயில்வேயில் பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் இருந்தவர், போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம். பழைய கட்டில் விரிப்பில் சுற்றி ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர். கிறிஸ்துமஸ் டான்ஸில் எல்லாம் கணவர் வாசிப்பாராம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் போனில், "மம்மி, அது பழைய ஃபெண்டர்னா லட்சக்கணக்குல போகும், காட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

தகட்டைப் பார்த்தேன். ஐந்து இலக்கம், ஐம்பத்தெட்டாயிரத்தில் ஓர் எண். ஃபெண்டர் கணக்கில் 1960, 61 வாக்கில் வர வேண்டியது. எனக்கே நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. ஆனால் தூக்கியபோதே கனம் உதைத்தது. ஃபெண்டர் உடம்புக்கு ஆல்டர் மரம் போடுவார்கள், லேசாக இருக்கும். இது மடியில் அம்மிக்கல் மாதிரி.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றிக் கழுத்தை எடுத்தேன். தேக்கு. பழைய மரப் பெட்டிகளில் போடுவார்களே, எண்ணெய் வாசனையோடு, அந்தத் தேக்கு. உளி பட்ட தடம் அப்படியே இருந்தது, ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஒரே சாய்வில். உள்ளே ஓடிய வயர் துணி சுற்றியது. என் சர்வீஸில் நான் ஆயிரம் முறை தொட்ட வயர். சால்டரிங் புளியங்கொட்டை சைஸில், எங்கள் ஆட்கள் வைப்பது போல. தலையில் 'ஃபெண்டர்' என்ற எழுத்து டெக்கால் இல்லை. பெட்டியில் பெயர் எழுதும் மெல்லிய பிரஷ்ஷால் எழுதியது.

தகட்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். எண்கள் எந்திரத்தில் அடித்தவை இல்லை. ஒவ்வொன்றாக பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டியவை. மூன்றாவது இலக்கம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

"ஆன்ட்டி, இந்த நம்பரை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தகட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஓ காட். இது அவரோட டோக்கன் நம்பர் மேன். மாசா மாசம் பே ஸ்லிப்ல நான்தான பாப்பேன்."

விலை என்ன என்று அவர் கேட்கவில்லை. கழுத்தை உட்கார வைத்து, நாலு ஸ்க்ரூவையும் ஒன்று மாற்றி ஒன்றாக முடுக்கினேன். கடைசி ஸ்க்ரூ இறுகும்போது, "அந்தத் தகட்ட மட்டும் நல்லா துடைச்சுக் குடு மேன்" என்றார்.